நான் எரித்த ஊர்

சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் எரிக்கிற ஊர்களிலிருந்து நஷ்டஈடு கேட்டு யாரும் வருவதில்லை. மாண்டுபோன வீரர்களின் மனைவிமார் வாசலில் வந்து நின்று அழுவதில்லை. ஒரு மேஜை, கொஞ்சம் காகிதம், இரண்டு டம்ளர் காப்பி. இவ்வளவும் இருந்தால் ஒரு ராஜதானியையே சாம்பலாக்கிவிடலாம்.

நான் சாம்பலாக்கிய ராஜதானி வாதாபி. இருபது வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் ஓராண்டு காலம் தொடர்கதை எழுதினேன். கடைசி நான்கு வாரமும் ஊர் எரிந்தது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை வெளிவந்து, வாதாபி என்ற பெயரைத் தமிழர் வீடுகளில் அடுப்பங்கரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. அந்தப் பெரிய தேர் போன வீதியில் பின்னால் சின்ன வண்டி ஓட்டியவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன். தீ நன்றாக எரிந்ததாக வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். நானும் மகிழ்ந்தேன். வாதாபியை நான் பார்த்ததில்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

சென்ற மார்கழியில்தான் அதைப் பார்த்தேன். எங்கள் பேட்டையில் வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுலா கிளம்பும் கோஷ்டி ஒன்று உண்டு. முப்பத்திரண்டு பேர். ஹூப்ளி வரை ரயில், அங்கிருந்து பஸ். ஒரே நாளில் பாதாமி, ஐஹொளே, பட்டடகல் மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கோஷ்டியின் தலைவர் பாங்க்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதாமிக்கு இரண்டே முக்கால் மணி, ஐஹொளேக்கு இரண்டரை மணி என்று நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். சாளுக்கியர்கள் இரண்டு நூற்றாண்டு ஆண்ட தேசத்துக்கு அவர் ஒதுக்கியது மொத்தம் எட்டு மணி நேரம். அதில் சாப்பாடும் சேர்த்தி.

காலையில் பாதாமியில் எங்களோடு சேர்ந்துகொண்ட வழிகாட்டி இருபத்தைந்து வயது உள்ளூர்ப் பையன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவனாம். அவன் கன்னட நாக்கில் கொங்குத் தமிழின் 'ங்க' உட்கார்ந்திருந்தது கேட்க இனிமையாகவே இருந்தது.

"இதுதானுங்க வாதாபி. இப்போ பாதாமி. மேலே ஏறலாம் வாங்க. கையிலே தின்பண்டம் இருந்தா உள்ளே வெச்சுக்குங்க, குரங்கு வாங்கிக்கும்" என்றான்.

அப்போதுதான் எங்கள் கோஷ்டியிலிருந்த ஆசிரியை மாமி என் பக்கம் திரும்பினார். நாற்பது வருஷம் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கைப்பையில் எப்போதும் சுக்கும் மிட்டாயும் வைத்திருப்பவர். எல்லோருக்கும் கேட்கும்படியாக, "ஏன் சார், நீங்க எரிச்ச ஊர் இதுதானே?" என்றார்.

என் தொடர்கதையைப் பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்திருக்கிறாராம்! எழுத்தாளனுக்கு இதைவிடப் பெருமை கிடையாது. ஆனால் அந்த இடத்தில், அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தபடி அந்தப் பெருமையை அனுபவிக்க முடியவில்லை. அவன் சிரித்தான். "அப்படிங்களா? சார் எங்க ஊரை எரிச்சாருங்களா? தமிழ்நாட்டு பஸ் வந்தா முதல்லே கேக்கறதே அதுதானுங்க, எரிஞ்ச இடம் எங்கேன்னு" என்றான்.

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டேன்.

பாதாமியை ஒரு முறை பார்த்தவர்கள் அதன் அமைப்பை மறக்க முடியாது. செந்நிற மணற்கல் குன்றுகள் இரண்டு, எதிரும் புதிருமாகச் செங்குத்தாக நிற்கின்றன. நடுவே ஓர் ஏரி. அதன் பெயர் அகஸ்திய தீர்த்தம். வாதாபி என்ற அசுரனை அகத்தியர் தின்று வயிற்றைத் தடவி ஜீரணித்த கதையை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோமே, அந்த முனிவரின் பெயர்தான். ஏரியின் கீழ்க்கரையில் பூதநாதர் கோவில். 543-இல் முதலாம் புலிகேசி இந்தக் குன்றைக் கோட்டையாக்கினான் என்று இங்குள்ள பாறைக் கல்வெட்டு சொல்கிறது. ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தான் என்று யாரையும் கேட்க வேண்டாம். மூன்று பக்கமும் கல்லும் நீரும் காவல் காக்கின்றன.

என் கதையில் வாதாபியைச் சுற்றி ஒரு பெரிய ஆறு ஓடியது. அதைத் தாண்டிப் பல்லவ யானைகள் நான்கு திசைகளிலிருந்தும் சூழ்ந்துகொண்டன. இங்கே ஆறு எங்கே? நான்கு திசை எங்கே? இந்தக் குன்றின் மேல் எந்த யானை ஏறும்? இருபது வருஷங்களாக அச்சில் ஓடிக்கொண்டிருந்த என் ஆறு, காலை ஒன்பதரை மணி வெயிலில் என் கண் எதிரிலேயே வற்றிப் போயிற்று.

தெற்குக் குன்றில் நான்கு குடைவரைகள். முதலாவது சிவனுக்கு, அதன் வாசலோரம் பதினெட்டுக் கைகளோடு நடராஜர் ஆடுகிறார். இரண்டாவதும் மூன்றாவதும் திருமாலுக்கு. நான்காவது சமணருடையது. மூன்றாவது குகையைக் குடைவித்தவன் மங்களேசன். 578 என்று ஆண்டைத் துல்லியமாகச் சொல்லும் கல்வெட்டு அதிலேயே இருக்கிறது. ஆதிசேஷன் மேல் கால் மடித்து அமர்ந்த பெருமாள், உலகளந்த திரிவிக்கிரமன், பூமாதேவியைத் தாங்கிய வராகம். ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம். வராகம்தான் சாளுக்கியர்களின் கொடிச் சின்னம். அதே குகையில், கதையின் மேல் கை ஊன்றி அலட்சியமாக நிற்கிறார் ஒரு நரசிம்மர்.

அவர் முன்னால் நான் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன். இந்தச் சிற்பத்தைச் செதுக்கி அறுபத்துநான்கு வருஷங்கள் கழித்து, 642-இல், அதே பெயர் கொண்ட ஒருவன் காஞ்சியிலிருந்து படையோடு வந்து இந்த ஊரைப் பிடித்தான். பல்லவன் நரசிம்மவர்மன். 'வாதாபி கொண்டான்' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். இங்கே ஒரு பாறையில் அவனது பதின்மூன்றாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் உண்டு, எழுத்துக்கள் சிதைந்துவிட்டன. புலிகேசி அந்தப் போரோடு முடிந்தான் என்பது சரித்திரக்காரர்களின் கருத்து. பதின்மூன்று வருஷம் கழித்து, 655 வாக்கில், அவன் மகன் முதலாம் விக்கிரமாதித்தன்தான் ஊரை மீட்டான்.

ஊர் விழுந்தது உண்மை. ஆனால் 578-இல் குடைந்த குகை இதோ நிற்கிறது. என் கதையின் கடைசி அத்தியாயத்தில் நான் இடித்துத் தள்ளிய கோவில்களில் இதற்கும் ஓர் இடம் இருந்தது என்பதை வாசகர்களிடம் மறைக்கப் போவதில்லை.

"எரிஞ்ச இடம் எங்கே அண்ணா?" என்று எங்கள் கோஷ்டியில் வந்த பத்து வயதுப் பையன் வழிகாட்டியைக் கேட்டான்.

"சாரைக் கேளு தம்பி" என்றான் அவன், என்னைக் காட்டி.

ஐஹொளே போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கோவில்கள் இந்தச் சின்ன ஊரில் சிதறிக் கிடக்கின்றன. யானையின் பின்புறம் போல் வளைந்த பின்சுவர் கொண்ட ஒரு கோவிலுக்குத் துர்க்கை கோவில் என்று பெயர். துர்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அருகே துர்க்கம் அதாவது கோட்டை இருந்ததால் வந்த பெயர். இன்னொன்றுக்கு லாட்கான் கோவில் என்று பெயர். அதில் ஒருகாலத்தில் குடியிருந்த மனிதரின் பெயர் நிலைத்துவிட்டது. கட்டிய அரசன் பெயர் போய்க் குடியிருந்தவர் பெயர் நிற்கிறது!

பெரும்பாலோர் நிழல் தேடி உட்கார்ந்துவிட, நாலைந்து பேர் மட்டும் மேகுடிக் குன்றின் மேல் ஏறினோம். ஆசிரியை மாமியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். "நாப்பது வருஷம் போர்டுல எழுதிப் போட்ட வருஷம் சார், 634. நேரிலே பார்க்காம போக முடியுமா?" என்றார்.

குன்றின் உச்சியில் ஒரு சமணக் கோவில். அதைக் கட்டியவன் ரவிகீர்த்தி என்ற கவி. இரண்டாம் புலிகேசியின் ஆதரவு பெற்றவன். வெளிச்சுவரில் பதித்த கல்லில் வடமொழிச் செய்யுளாகத் தன் அரசனின் புகழைப் பொறித்திருக்கிறான். பாரதப் போர் முடிந்து 3735 ஆண்டு, சக ஆண்டு 556 என்று தேதியும் கொடுத்திருக்கிறான். அதுதான் 634. தன்னைக் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமமாகச் சொல்லிக்கொள்கிறான். அந்தத் தற்பெருமையால் நமக்கொரு லாபம்: காளிதாசன் 634-க்குப் பிற்பட்டவன் அல்ல என்பது இந்தக் கல்லால் ஐயமின்றி நிலைபெற்றது.

வடக்கே ஹர்ஷனின் ஹர்ஷம் ஓடிப்போனதைப் பாடுகிற ரவிகீர்த்தி, தெற்கே வந்து, புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ மன்னனின் பெருமை மங்கிப்போய், அவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிந்தான் என்கிறான். அந்தக் கல்லில் உளி நின்று எட்டு வருஷம் ஆவதற்குள் காஞ்சிப் படை இங்கே வந்து நின்றது.

பல்லவர்கள் மட்டும் சளைத்தவர்களா? காஞ்சிக்கு அருகே கூரத்தில் கிடைத்த செப்பேடு, நரசிம்மவர்மனின் பேரன் காலத்தது. பரியளத்திலும் மணிமங்கலத்திலும் சூரமாரத்திலும் நடந்த போர்களில், புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் வெற்றி என்று நரசிம்மவர்மன் எழுதினான் என்று அது பாடுகிறது. இவன் புழுதியைத் தூவினான். அவன் முதுகில் எழுதினான். இரண்டு பக்கத்திலும் அரசர்களுக்கு ஒருவர் குறைந்தால் கவிகளுக்கு இருவர் இருந்தார்கள் போலிருக்கிறது.

அந்தக் கல்லின் முன் நிற்கையில் ரவிகீர்த்தி எனக்கு அந்நியனாகத் தோன்றவில்லை. தன் பக்கத்து ராஜாவுக்காகத் தூரத்து ஊர் ஒன்றின் மேல் புழுதி தூவியவன் அவன். அதே வேலையைத் தவணை முறையில், வாரா வாரம் செய்தவன் நான். அவனாவது காஞ்சியின் மதிலைப் பற்றிப் போய்வந்தவர்களிடம் கேட்டிருப்பான்.

கீழே இறங்கினால், மரத்தடியில் ஒரு மூதாட்டி கூடையில் சோள ரொட்டியும் நிலக்கடலைச் சட்னியும் தயிரும் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். மாமி அவளிடம் தமிழில் பேசினார். அவள் கன்னடத்தில் பதில் சொன்னாள். முழங்கால் வலியைப் பற்றித்தான் என்பது இருவரின் கைகளிலிருந்தும் தெரிந்தது. எந்த ஊர் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். "காஞ்சீபுரம் பக்கம்" என்றார் மாமி. அவள் முகம் மலர்ந்தது. மாமியின் பட்டுப்புடவைத் தலைப்பைப் பிடித்து விரலால் நெருடிப் பார்த்து, "காஞ்சி ரேஷ்மே!" என்றாள். மாமியும் விடவில்லை. அவள் கட்டியிருந்த புடவையைத் தொட்டு, "இல்கல் சேலைதானே இது?" என்றார். இல்கல் இந்த ஜில்லாவிலேயே உள்ள நெசவு ஊர். இருவரும் ஒருவர் தலைப்பை ஒருவர் பிடித்தபடி சிரித்தார்கள். மேலே குன்றின் உச்சியில் காஞ்சியின் மேல் படிந்த புழுதி. கீழே மரத்தடியில் காஞ்சி என்றால் ஒரு புடவை.

தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பஸ் கிளம்பியது.

பட்டடகல்லுக்கு நாங்கள் போனபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பட்டம், கல் என்ற இரு சொற்களும் நமக்கும் தெரிந்தவையே. சாளுக்கிய அரசர்கள் முடிசூடிய இடம். மலப்பிரபா ஆறு இங்கே வடக்கு நோக்கித் திரும்புகிறது. கரையோரம் வடநாட்டுப் பாணி விமானங்களும் தென்னாட்டுப் பாணி விமானங்களும் சம்பந்திகள் போல அடுத்தடுத்து நிற்கின்றன. 1987-இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

இங்கே பெரியது விரூபாட்சர் கோவில். இன்றும் பூஜை நடக்கிறது. எதிரே மண்டபத்தில் பளபளக்கும் கருங்கல் நந்தி. மதிலை ஒட்டிச் சிறு சந்நிதிகள். தூண்களில் ராமாயணமும் பாரதமும் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததுமே, எங்கோ பார்த்த இடம்போல் இருந்தது. வழிகாட்டி சொன்னான்:

"காஞ்சியிலே கைலாசநாதர் கோவில் இருக்குதுங்களே, அதைப் பார்த்துத்தான் இதைக் கட்டினாங்கன்னு சொல்வாங்க. இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை ஜெயிச்சான். மூணு தடவைன்னு கல்வெட்டு சொல்லுதுங்க. அதுக்காக அவன் ராணி லோகமகாதேவி கட்டினது. பக்கத்திலே மல்லிகார்ஜுனர் கோவில், அது அவ தங்கச்சி கட்டினது. அவளும் அதே ராஜாவுக்கு ராணிதானுங்க."

733-க்குப் பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்டவன் அந்த விக்கிரமாதித்தன். நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்து நூறு வருஷம் ஆகும் சமயம். கோவிலைக் கட்டிய ஆசாரியின் பெயர் குண்டன். அவனுக்கு அரசர் அளித்த மரியாதையும் 'திரிபுவனாசாரி' என்ற பட்டமும் இங்கே கல்லில் இருக்கின்றன. பழி வாங்கப் போன அரசனின் நினைவாக எழுந்த கோவிலில் தச்சனின் பெயர் பொறித்திருப்பதைப் பார்த்தபோது மனம் கொஞ்சம் லேசாயிற்று.

மாமி நந்தியின் நிழலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "ஜெயிச்சதுக்காகக் கட்டினான்னு பாடத்துல நானும் சொல்லிக் கொடுத்திருக்கேன். இங்கே வந்து பார்த்தா வேற மாதிரி தோணறது சார். அந்தப் பொண்ணுக்கு ஜெயிச்சதா பெரிசு? போனவன் திரும்பி வந்தானே, அதுக்குத்தான் கட்டியிருப்பா" என்றார்.

சற்று நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "திரும்பி வராதவா ஆத்துல எல்லாம் என்ன கட்டியிருப்பா?" என்று கேட்டார்.

யாருக்கும் பதில் தெரியவில்லை. பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்த அவருடைய தம்பி எல்லையிலிருந்து திரும்பவில்லை என்பது எங்கள் பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். வாதாபிப் போரில் மாண்டவர்களின் எண்ணிக்கை ரவிகீர்த்தி போன்ற கவிகளின் பாட்டில் வராது. என் கதையிலும் வரவில்லை; 'பல்லாயிரவர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிருந்தேன்.

பஸ்ஸில் ஏறுகையில் வழிகாட்டி என் அருகில் வந்தான். "கோவிச்சுக்காதீங்க சார். காஞ்சி கைலாசநாதர் கோவில்லே எங்க கன்னடத்துலே ஒரு கல்வெட்டு இருக்குதாம். விக்கிரமாதித்தன் எழுதி வெச்சது. எங்க வாத்தியார் சொல்லியிருக்காரு. எனக்குப் போக முடியலீங்க. நீங்க பார்த்திருப்பீங்க. எப்படி இருக்கும்?"

கைலாசநாதர் கோவிலுக்கு நான் ஒரு டஜன் தடவையாவது போயிருக்கிறேன். கதை எழுதுகிறபோது 'சூழ்நிலைக்காக' அங்கே மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தூணை நான் பார்த்ததில்லை. தேடியதும் இல்லை. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி" என்றேன். போன் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுவாரம் காஞ்சிக்குப் போனேன். ராஜசிம்மன் கட்டிய அந்தக் கோவிலில், சந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தில் ஒரு தூணின் பின்பக்கம் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. பழங்கன்னடம். காஞ்சியை வென்ற விக்கிரமாதித்தன் ராஜசிம்மேச்சுரத்துப் பெருமானின் செல்வத்தைப் பார்த்தான், எடுத்துக்கொள்ளவில்லை, பெருமானுக்கே திரும்பக் கொடுத்தான் என்பது அதன் செய்தி. அவனை மகாத்மாவாக்க நான் சொல்லவில்லை. ஊரை வென்ற பிறகுதானே கோவிலுக்குள் வந்தான்? அதற்குமுன் எத்தனை வீடுகளில் அழுகுரல் கேட்டதோ?

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. விக்கிரமாதித்தன் போய்விட்டான். நந்திவர்ம பல்லவன் மறுபடியும் காஞ்சியில் பல்லாண்டு ஆண்டான். பகைவனின் பாஷையில், தன் தோல்வியைச் சொல்லும் அந்த எழுத்தைச் செதுக்கி எறிய ஒரு சிற்பியும் ஓர் உளியும் அரை நாளும் போதும். செய்யவில்லை. அதுபோல, வாதாபியை மீட்ட சாளுக்கியர்களின் ஊரில் நரசிம்மவர்மனின் கல்வெட்டு, சிதைந்தாவது இன்னும் இருக்கிறது. ஏன் விட்டுவைத்தார்கள் என்பதற்குக் காரணம் எழுதி வைக்கவில்லை. நானும் கற்பிக்க மாட்டேன். கற்பித்தது போதும்.

தூணைப் படம் எடுத்து அந்தப் பையனுக்கு அனுப்பினேன். இரவு அவனே கூப்பிட்டான். "பழைய எழுத்துங்க, படிக்க வரலே. ஆனா அங்கங்கே ஓரெழுத்து நம்ம எழுத்து மாதிரி இருக்குதுங்க" என்று உற்சாகமாகச் சொன்னான். 'நம்ம' என்று அவன் சொன்னதில் என்னையும் சேர்த்தானா என்று தெரியவில்லை. மாமிக்கு மிட்டாய்க்காக நன்றி சொல்லச் சொன்னான்.

என் பதிப்பாளர், அந்த நாவலின் புதிய பதிப்புக்குத் திருத்தம் உண்டா என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். ஆற்றை எடுத்துவிட்டேன். யானைகளைக் குன்றிலிருந்து இறக்கிவிட்டேன். மங்களேசனின் குகையை இடிக்காமல் விட்டுவிட்டேன். தீ இன்னும் எரிகிறது. அது இல்லாமல் கதை முடியாது என்கிறார் பதிப்பாளர். 'பல்லாயிரவர்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, அங்கே ஓர் அக்காவையும் திரும்பி வராத அவள் தம்பியையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வாரமாக ஒரு பக்கம்கூட நகரவில்லை. ஊரை எரிப்பது இதைவிடச் சுலபமாக இருந்தது.